ட்ரம்பெட் மவுத்பீஸ் அளவுகள்: தேர்வும் மாற்றமும் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ட்ரம்பெட் வாசிக்கத் தொடங்கி ஓரிரு ஆண்டுகள் கடந்த பின், கருவியோடு வந்த மவுத்பீஸை (உதட்டை வைத்து ஊதும், கழற்றக்கூடிய வாய்ப்பகுதி) மாற்றலாமா என்று யோசிப்பவர்களை மனத்தில் கொண்டு இந்தக் கேள்வி பதில்கள் எழுதப்பட்டுள்ளன. காதால் கேட்டு இன்னதென்று சொல்லக்கூடிய ஒரு காரணம் இருந்தால் மட்டுமே மவுத்பீஸை மாற்ற வேண்டும் என்பதே கீழுள்ள விடைகள் அனைத்துக்கும் அடிப்படை.

மவுத்பீஸின் எந்தப் பகுதி என்ன வேலையைச் செய்கிறது?

உதடு படும் வளையத்தை விளிம்பு என்கிறோம். அதன் உட்பக்க விட்டம், எவ்வளவு உதடு அதிரும் என்பதைத் தீர்மானிக்கிறது. விளிம்பின் அகலமும் வளைவும் அழுத்தம் எப்படிப் பரவும் என்பதைத் தீர்மானிக்கின்றன. அகலமான, தட்டையான விளிம்பு அழுத்தத்தைப் பரப்பி நெடுநேரம் வாசிக்க உதவும். ஆனால் ஒரு ஸ்தாயியிலிருந்து இன்னொன்றுக்கு உதடு வழுக்கிச் செல்வதை அது சற்றுத் தடுக்கும். உருண்ட விளிம்பில் அந்த நெகிழ்வு கிடைக்கும், உதடு மட்டும் விரைவில் களைக்கும். உள்விளிம்பின் முனை கூர்மையாக இருந்தால் ஸ்வரம் தெளிவாகத் தொடங்கும், கூடவே உதட்டை உறுத்தவும் செய்யும்.

விளிம்புக்குக் கீழே இருப்பது கப். அதன் ஆழமும் வடிவமும் தொனியின் நிறத்தை முடிவு செய்கின்றன: ஆழமான கப்பில் தொனி இருண்டு அகலமாகவும், ஆழம் குறைந்த கப்பில் பளிச்சென்று கூர்மையாகவும் ஒலிக்கும். கப்பின் அடியில் இருக்கும் குறுகிய துளையே காற்றுக்கு முதல் தடை. அதற்குப் பிறகு மெல்ல விரிந்து செல்லும் பின்துளை, மேல் ஸ்தாயி எவ்வளவு எளிதாகப் பேசுகிறது என்பதையும், ஸ்தாயிகளுக்கிடையே சுருதி எப்படி நிற்கிறது என்பதையும் பாதிக்கிறது. கருவிக்குள் நுழையும் வெளிப்புறத் தண்டுக்கு ஷாங்க் என்று பெயர்.

இந்தப் பகுதிகள் சேர்ந்து எப்படி ஒலிக்கின்றன என்பதைக் கருவியே இல்லாமல் ஓரளவு கேட்டறியலாம். மவுத்பீஸைக் கையில் பிடித்து, விளிம்பு முழுவதும் படும்படி உள்ளங்கையில் மெல்லத் தட்டினால், 'பொப்' என்று ஒரு சிறு ஒலி, குறிப்பிட்ட சுருதியோடு கேட்கும். ஆழமான கப்புள்ளதையும் ஆழம் குறைந்ததையும் அடுத்தடுத்துத் தட்டிப் பாருங்கள். ஆழமானதன் ஒலி தாழ்ந்து கேட்கும். கருவியில் பொருத்திய பிறகும் மேல் ஸ்தாயியின் சுருதியையும் நிறத்தையும் இந்த அதிர்வுதான் பெருமளவில் வடிவமைக்கிறது.

7சி, 3சி, 14பி4 போன்ற குறியீடுகளை எப்படிப் படிப்பது?

முதலில் அது எந்த நிறுவனத்தின் குறியீடு என்று பார்க்க வேண்டும். வியன்னாவுக்கு அருகே பாடன் நகரில் 1890இல் பிறந்து, அமெரிக்காவில் குடியேறிய வின்சென்ட் பாக் என்ற ட்ரம்பெட் கலைஞர் 1918இல் நியூயார்க்கில் மவுத்பீஸ் செய்யத் தொடங்கினார். அவருடைய முறையில் எண் சிறியதாக ஆக, விட்டம் பெரிதாகும். பாக் பட்டியலின்படி 7சி 16.20 மி.மீ., 5சி 16.25 மி.மீ., 3சி 16.30 மி.மீ., 1½சி 17.00 மி.மீ. விட்டமுடையவை. எழுத்து கப்பின் ஆழத்தைக் காட்டும்: ஏ மிக ஆழமானது, சி நடுத்தரம், எஃப் மிக ஆழம் குறைந்தது. இறுதியில் டபிள்யூ இருந்தால் விளிம்பு அகலமானது. ஆகவே பிக்கலோ என்னும் சிறிய வகை ட்ரம்பெட்டுக்குப் பலர் வாங்கும் 7இடபிள்யூ என்பது, 7ஆம் எண் விட்டமும் ஆழம் குறைந்த கப்பும் அகன்ற விளிம்பும் கொண்டது.

ஷில்கே, யமஹா ஆகிய இரண்டு நிறுவனங்களின் முறை இதற்கு நேரெதிரானது. அங்கே எண் பெரிதானால் விட்டமும் பெரிதாகும். எழுத்தில் ஏ ஆழம் குறைந்தது, இ ஆழமானது. அடுத்து வரும் எண் விளிம்பின் வளைவைக் குறிக்கும்: 1 மிக உருண்டது, 5 மிகத் தட்டையானது. யமஹா ட்ரம்பெட்டுகளின் வடிவமைப்பில் ஷில்கே நிறுவனர் ரெனால்ட் ஷில்கே பங்காற்றியவர் என்பதை நினைவில் வைத்தால் இந்த ஒற்றுமையில் வியப்பில்லை. பெரிய ஜாஸ் குழுக்களில் முதல் ட்ரம்பெட் வாசிப்பவர்கள் பலர் விரும்பும் ஷில்கே 14ஏ4ஏ என்பதில், முதல் ஏ கப்பின் ஆழம் குறைவு என்பதையும், 4 ஓரளவு தட்டையான விளிம்பையும், கடைசியில் உள்ள சிறிய ஏ இறுக்கமான பின்துளையையும் காட்டுகின்றன.

ஒரு நிறுவனத்தின் அளவை இன்னொன்றுக்கு மாற்றிக் காட்டும் ஒப்பீட்டு அட்டவணைகளை நம்பலாமா?

எங்கிருந்து தேடத் தொடங்குவது என்று தெரிந்துகொள்ள அவை உதவும். அதற்கு மேல் அவற்றை நம்ப வேண்டாம். விட்டத்தை எந்த இடத்தில் அளப்பது என்பதற்குப் பொதுவான விதி கிடையாது. விளிம்பின் உச்சியை ஒட்டி அளந்தால் ஓர் எண்ணும், உட்சுவரில் சற்றுக் கீழே இறங்கி அளந்தால் வேறோர் எண்ணும் வரும். யமஹா 11சி4 பெரும்பாலான அட்டவணைகளில் பாக் 7சிக்கு இணையாகக் காட்டப்படுகிறது. ஆனால் யமஹா தன் பட்டியலில் அதற்குக் கொடுத்திருக்கும் விட்டம் 16.46 மி.மீ.; பாக் 7சிக்குக் கொடுத்திருப்பதோ 16.20 மி.மீ. தாளில் கால் மி.மீட்டருக்கு மேல் வேறுபடும் இரண்டும் உதட்டில் ஏறத்தாழ ஒன்றுபோலவே படுகின்றன. உதடு உணர்வது வெறும் விட்டத்தை அல்ல. விளிம்பின் உச்சி எங்கே இருக்கிறது, உள்முனை எவ்வளவு கூர்மை, கப்பின் சுவர் எவ்வளவு செங்குத்தாக இறங்குகிறது என்பவை எல்லாம் சேர்ந்ததைத்தான்.

7சி தொடக்க நிலையினருக்கு மட்டுமே உரியதா? தேர்ச்சி பெற்றதும் 5சி, 3சி, 1½சி என்று ஏற வேண்டுமா?

இல்லை. பயிற்சிக் கருவிகளோடு 7சி வருவதால் இந்த எண்ணம் ஆழமாக வேரூன்றிவிட்டது. மவுத்பீஸ் எண்கள் தேர்ச்சிப் படிகள் அல்ல. 7சியிலேயே வாழ்நாள் முழுவதும் அருமையாக வாசிக்கிறவர்கள் இருக்கிறார்கள். 7சியிலிருந்து 5சிக்கு மாறும்போது விட்டம் 0.05 மி.மீ. மட்டுமே கூடுகிறது, அங்கே ஒருவர் உணரும் வேறுபாட்டில் பெரும்பகுதி விளிம்பின் வடிவத்திலிருந்து வருவது. மாணவர் வளர்ந்துவிட்டார் என்பதற்கான பரிசாக எண்ணை மாற்றும் ஆசிரியர்களிடம் பணிவோடு ஒன்றைக் கேட்க விரும்புகிறேன்: அந்த மாணவரின் வாசிப்பில் எந்தக் குறை இதனால் தீர வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்கள்? விடை இருந்தால் மாற்றுங்கள்.

பெரிய மவுத்பீஸ் தொனியை வளமாக்கும் என்பது உண்மையா?

ஓரளவு உண்மை, ஆனால் அதற்கு விலை உண்டு. 16.20 மி.மீட்டரிலிருந்து 17.00 மி.மீட்டருக்குப் போகும்போது விட்டம் ஏறத்தாழ 5 சதவீதம்தான் கூடுகிறது. விளிம்புக்குள் அடங்கும் பரப்போ ஏறத்தாழ 10 சதவீதம் கூடிவிடுகிறது. அந்தக் கூடுதல் உதட்டுச் சதை முழுவதையும் மூச்சால் அதிரவைத்து, வாயோரத் தசைகளால் கட்டுக்குள் வைத்திருக்க வேண்டும். அந்த வலு உள்ளவருக்கு அகலமான, நிறைந்த நாதம் கிடைக்கும். வலு இல்லாதவருக்குக் காற்று கலந்த, மையமில்லாத ஒலிதான் மிஞ்சும். அதை ஈடுகட்ட அவர் மவுத்பீஸை உதட்டில் அழுத்தத் தொடங்குவார். அழுத்தம் கூடினால் இரத்த ஓட்டம் குறைந்து, உதடு வீங்கி, கச்சேரியின் பின்பாதி கைவிட்டுப் போகும்.

சிம்பொனி இசைக்குழுக்களில் பாக் 1சி, 1¼சி, 1½சி போன்ற அளவுகள் பரவலானதற்கு அடால்ஃப் ஹெர்செத் போன்றவர்களின் முன்மாதிரியும் ஒரு காரணம். 1948 முதல் 2001 வரை சிகாகோ சிம்பொனி இசைக்குழுவின் முதன்மை ட்ரம்பெட் கலைஞராக இருந்தவர் அவர். ஒரு கார் விபத்தில் உதடும் பற்களும் காயப்பட்ட பிறகே அவர் பெரிய அளவுக்கு மாறினார். அந்த மாற்றத்துக்கு அவருடைய உடலில் ஒரு தெளிவான காரணம் இருந்தது. அவருடைய தொனியைக் கேட்டு அளவை மட்டும் எடுத்துக்கொண்டவர்கள், அவருடைய மூச்சையும் அன்றாடப் பயிற்சியையும் அதோடு வாங்கிவிட முடியவில்லை.

ஆழம் குறைந்த கப் வாங்கினால் மேல் ஸ்தாயி கைவருமா?

உங்களிடம் இல்லாத ஸ்வரத்தை எந்தக் கப்பும் தராது. ஐந்து கோடுகளுக்கு மேலே இரண்டாம் துணைக்கோட்டில் நிற்கும் சி ஸ்வரத்தை நடுத்தர ஆழமுள்ள கப்பில் ஒருவர் நம்பிக்கையோடு பிடிக்க முடியாவிட்டால், ஆழம் குறைந்த கப்பிலும் அது நிலைக்காது. ஏற்கெனவே இருக்கும் மேல் ஸ்தாயி குறைந்த உழைப்பில், கூட்டத்தைத் துளைத்துக்கொண்டு கேட்கும் பிரகாசத்தோடு வரும் என்பதுதான் உண்மையான பயன். இரவு முழுவதும் முதல் ட்ரம்பெட் பகுதியைச் சுமப்பவருக்கு இது பேருதவி. அதே கப்பில் கீழ் ஸ்தாயி மெலிந்து தகரம்போல ஒலிக்கக்கூடும். மொத்தச் சுருதியும் சற்று உயர்வதால் சுருதியைச் சரிசெய்யும் நகரும் குழாயான டியூனிங் ஸ்லைடைக் கொஞ்சம் வெளியே இழுக்க நேரும்.

வேறோர் ஆபத்தும் உண்டு. உதடு கப்புக்குள் அதிகம் புகும் பழக்கம் உள்ளவருக்கு, ஆழம் குறைந்த கப்பின் அடியில் உதடே போய்த் தொட்டுவிடும். அப்போது ஒலி படிப்படியாகத் தேயாமல், கதவை மூடியதுபோல் பட்டென்று நின்றுவிடும். இப்படி நடந்தால் சற்று ஆழமான கப்பை நாட வேண்டும். அல்லது உதட்டை உள்ளே தள்ளாமல் வாசிக்கப் பழக வேண்டும்.

தடித்த உதடு உள்ளவர்களுக்குப் பெரிய விட்டம் தேவையா?

வெளியிலிருந்து பார்க்கும் உதட்டின் தடிமனை வைத்து முடிவு செய்ய இயலாது. பல்வரிசையின் வடிவம், தாடையின் நிலை, உதட்டின் எவ்வளவு பகுதியை உள்ளே மடித்து வாசிக்கிறார் என்பவை அதைவிட முக்கியமானவை. ஒரே ஓர் அறிகுறியைக் கவனியுங்கள்: விளிம்பு உதட்டின் சிவந்த சதைமேலேயே அமர்ந்து, சில நிமிடங்களில் வலிக்கத் தொடங்கினால், சற்று அகன்ற விட்டத்தை முயன்று பார்ப்பதற்கு நியாயம் இருக்கிறது.

அப்படியானால் மவுத்பீஸை எப்போது மாற்றலாம், எப்போது கூடாது?

சரியான பயிற்சி மாதக்கணக்கில் தொடர்ந்தும் ஒரே குறை ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வருமானால் மாற்றலாம். எடுத்துக்காட்டாக, மூச்சும் நிலையும் சரியாக இருந்தும் தொனி எப்போதும் மெலிந்தே இருப்பது. மேல் ஸ்தாயி ஸ்வரங்கள் எல்லாம் ஒரே அளவு சுருதி தாழ்ந்து நிற்பது. விளிம்பு ஒரே இடத்தில் உறுத்திப் புண்ணாக்குவது. சேர்ந்திருக்கும் குழுவின் இசைக்கு உங்கள் நாதம் அதிகப் பளிச்சென்றோ அதிக இருளாகவோ பொருந்தாமல் நிற்பது. இவை ஒவ்வொன்றும் மவுத்பீஸின் ஒரு குறிப்பிட்ட பகுதியைச் சுட்டுகின்றன: விட்டம், கப் அல்லது பின்துளை, விளிம்பு, கப்பின் ஆழம் என்ற வரிசையில். எது மாற வேண்டும் என்று இப்படிச் சொல்ல முடிந்தால், மற்றவற்றை அப்படியே வைத்துக்கொண்டு அதை மட்டும் மாற்றலாம்.

நிகழ்ச்சிக்கோ தேர்வுக்கோ சில வாரங்களே இருக்கும்போது மாற்றாதீர்கள். உடல்நலம் குன்றியபோதும், நீண்ட இடைவெளிக்குப் பிறகு கருவியை எடுத்த முதல் வாரங்களிலும் மாற்றாதீர்கள். அந்த நாட்களில் எந்த மவுத்பீஸும் குறையுள்ளதாகவே தோன்றும்.

வாங்கும் முன் ஒரு மவுத்பீஸை எப்படிச் சோதிக்க வேண்டும்?

உதடு களைப்பில்லாத நேரத்தில், உங்கள் சொந்தக் கருவியோடு, உங்கள் பழைய மவுத்பீஸையும் எடுத்துச் செல்லுங்கள். பழையதில் பத்து நிமிடங்கள் உதட்டைச் சூடாக்கிக்கொண்ட பிறகே புதியதைத் தொடுங்கள். பலர் முதலில் செய்வது, எட்டக்கூடிய உச்ச ஸ்வரத்தை ஊதிப் பார்ப்பது. ஒரு மவுத்பீஸைப் பற்றி மிகக் குறைவாகச் சொல்லும் சோதனை அதுதான். அதைவிட நடு ஸ்தாயி ஜி ஸ்வரத்தை மிக மென்மையாக, நாக்கைப் பயன்படுத்தாமல் மூச்சால் மட்டும் தொடங்கிப் பாருங்கள். உதட்டுக்குப் பொருந்தும் மவுத்பீஸில் ஒலி தயக்கமின்றிப் பிறக்கும். பொருந்தாததில் முதலில் காற்று மட்டும் சீறி, ஒரு கணம் கழித்தே ஸ்வரம் வரும். அதே ஸ்வரத்தை மெல்ல வளர்த்து முழு வலுவுக்குக் கொண்டுபோய் மீண்டும் இறக்குங்கள். தொனி எந்த இடத்தில் உடைகிறது என்று கவனியுங்கள்.

அடுத்து, நன்கு மனப்பாடமான ஒரே பகுதியை இரண்டிலும் மாறி மாறி வாசித்து, சுருதி காட்டும் டியூனரையும் பாருங்கள். கருவியின் விரிந்த வாயான பெல்லுக்குப் பின்னால் நின்று வாசிப்பவருக்குக் கேட்பதும் அரங்கில் இருப்பவருக்குக் கேட்பதும் ஒன்றல்ல. ஆகவே நம்பகமான ஒருவரைச் சில மீட்டர் தொலைவில் நிற்கவைத்து, எது எந்த மவுத்பீஸ் என்று சொல்லாமல் வாசியுங்கள். அவருக்கு வேறுபாடே தெரியவில்லை என்றால், அந்த மாற்றம் உங்கள் வசதிக்கு மட்டுமானது. வசதியும் ஒரு நல்ல காரணமே. தொனிக்காகப் பணம் கொடுக்கிறோம் என்ற மயக்கம் இல்லாமல் அதை வாங்கலாம்.

புதிய மவுத்பீஸில் முதல் சில நாட்கள் அருமையாக இருந்து, பிறகு எல்லாம் மோசமாவது ஏன்?

இது மிகப் பலருக்கு நேர்வது. புதிய விளிம்பு உதட்டின் களைப்படையாத இடங்களில் அமர்கிறது. ஆர்வத்தால் கவனமும் மூச்சும் கூடுகின்றன. சில நாட்களில் பழைய பழக்கங்கள் திரும்பிவர, தசைகள் புதிய அளவுக்கு இன்னும் பழகாததால் வாசிப்பு கீழே இறங்குகிறது. இந்த இறக்கத்தில்தான் பெரும்பாலானோர் அடுத்த மவுத்பீஸைத் தேடுகிறார்கள், அதிலும் இதே கதை நடக்கிறது. குறைந்தது மூன்று அல்லது நான்கு வாரங்கள் புதியதை மட்டும் வாசித்து, நீண்ட ஸ்வரங்களையும் உதட்டு நெகிழ்வுப் பயிற்சிகளையும் நிதானமாகச் செய்த பிறகே தீர்ப்புச் சொல்லுங்கள். விட்டத்தை மாற்றியிருந்தால் இந்தக் காலம் நீளும். கப்பை மட்டும் மாற்றியிருந்தால் சுருங்கும். வலியோ மரத்துப்போதலோ தொடர்ந்தால் மட்டும் காலக்கெடுவைப் பாராமல் நிறுத்திவிடுங்கள்.

இரண்டு மவுத்பீஸ்களை மாறி மாறிப் பயன்படுத்தலாமா?

விளிம்பு ஒன்றாகவே இருந்தால் தாராளமாகச் செய்யலாம். உதடு நினைவில் வைத்திருப்பது விளிம்பைத்தான். கப்பின் ஆழத்துக்குக் காதும் மூச்சும் விரைவில் பழகிக்கொள்கின்றன. செவ்வியல் இசைக்கு நடுத்தரக் கப், ஜாஸ் குழுவின் முதல் பகுதிக்கு ஆழம் குறைந்த கப் என்று வைத்திருப்போர் பலர். வார்பர்ட்டன் போன்ற நிறுவனங்கள் விளிம்பும் கப்பும் கொண்ட மேற்பகுதியையும், பின்துளை கொண்ட கீழ்ப்பகுதியையும் தனித்தனியே திருகிப் பொருத்தும்படி விற்கின்றன. திருகி மாற்றக்கூடிய விளிம்புகளும் கிடைக்கின்றன. விட்டமும் விளிம்பும் வெவ்வேறான இரண்டை ஒரே நாளில் மாற்றி மாற்றி வாசிப்பது வேறு விஷயம். அனுபவம் மிக்க சிலருக்கு அது கைவந்திருக்கிறது, ஆனால் கற்றுக்கொண்டிருப்பவருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அதே மாதிரி மவுத்பீஸ் நண்பரின் கருவியில் நன்றாக இருக்கிறது, என்னுடையதில் சுருதி நிற்கவில்லை. ஏன்?

ஷாங்க் எவ்வளவு ஆழம் உள்ளே போகிறது என்று பாருங்கள். பொதுவாக ஏறத்தாழ 25 மி.மீ. உள்ளே போகும். ஷாங்கின் முனைக்கும் உள்ளே குழாய் தொடங்கும் இடத்துக்கும் நடுவே ஒரு சிறு இடைவெளி இருக்கும்; ஏறத்தாழ 3 மி.மீ. என்பது பரவலாகச் சொல்லப்படும் அளவு. கருவியின் தேய்மானத்தாலோ ஷாங்கின் தயாரிப்பு வேறுபாட்டாலோ இது கூடிக் குறையும். அப்போது மேல் ஸ்வரங்கள் தம் இடத்தில் உட்காராமல் வழுக்கும். சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு: ஷாங்கைச் சுற்றி ஒரு மெல்லிய தாள் துண்டை வைத்துப் பொருத்தினால் மவுத்பீஸ் சற்று வெளியே நிற்கும்; அதில் ஸ்வரங்கள் சீரானால் குறை இடைவெளியில்தான். கீழே விழுந்து ஷாங்கின் முனை நசுங்கியிருந்தாலும் இதே தொல்லை வரும். கருவி பழுதுபார்ப்பவர் அதற்கான கூம்புக் கருவியால் எளிதில் நிமிர்த்திவிடுவார்.

துளையைத் துரப்பணத்தால் பெரிதாக்கலாமா?

பெரும்பாலான பாக் மவுத்பீஸ்களின் துளை 27ஆம் எண் துரப்பண அலகின் அளவு (இங்கும் எண் குறையத் துளை பெரிதாகும்), அதாவது 3.66 மி.மீ. இசைக்குழுக் கலைஞர்கள் சிலர் அதை 22ஆம் எண்வரை, அதாவது 3.99 மி.மீ. வரை திறந்துகொள்கிறார்கள். காற்று தாராளமாகப் போகும், உரத்த வாசிப்பில் ஒலி இறுகாது. அதே சமயம் மூச்சும் உதட்டு வலுவும் அதிகம் செலவாகும், மென்மையான வாசிப்பு கடினமாகும். எடுத்த உலோகத்தை மீண்டும் வைக்க முடியாது. ஆகவே தேர்ந்த கைவினைஞரிடம், ஒரு நேரத்தில் ஓர் எண் மட்டும், அதுவும் உங்களிடம் இரண்டாவதாக இருக்கும் ஒரு மவுத்பீஸில் செய்யுங்கள்.

தங்க முலாம், வெள்ளி முலாம், பிளாஸ்டிக்: எதைத் தேர்ந்தெடுப்பது?

தொனியில் முலாமின் பங்கு மிகச் சிறியது. வெள்ளி உதட்டைப் பிடித்து நிறுத்தும், தங்கம் வழுவழுப்பாக நழுவும். எது வேண்டும் என்பது விருப்பம். வெள்ளி ஒவ்வாமல் உதட்டில் அரிப்போ சிவப்போ வருபவர்களுக்குத் தங்க முலாம் நல்ல தீர்வு. முலாம் தேய்ந்து பித்தளை வெளியே தெரியும் விளிம்பில் வாசிக்காமல், மீண்டும் முலாம் பூசிக்கொள்ளுங்கள். கடுங்குளிரில் திறந்தவெளியில் வாசிப்பவர்களுக்குப் பிளாஸ்டிக் உதவும்.

பல் கம்பி போட்டிருக்கும் மாணவர் மாற்ற வேண்டுமா?

உடனே வேண்டாம். மெழுகோ பற்காப்பு உறையோ கொண்டு கம்பியை மூடி, அழுத்தத்தைக் குறைத்துச் சில வாரங்கள் வாசிக்கட்டும். அப்போதும் உதட்டின் உட்புறம் புண்ணானால், சற்று அகன்ற, மென்மையான விளிம்பு கைகொடுக்கும். கம்பியை எடுத்த பிறகு பற்களின் நிலையே மாறியிருக்கும் என்பதால், நிலையான தேர்வை அதுவரை ஒத்திவைப்பதே நல்லது.

கார்னெட் மவுத்பீஸை ட்ரம்பெட்டில் போடலாமா?

போட வேண்டாம். ட்ரம்பெட்டின் உறவுக் கருவியான கார்னெட்டின் ஷாங்க் ஒல்லியானது. ட்ரம்பெட்டில் அளவுக்கு மீறி உள்ளே போய்ச் சுருதியைக் குலைக்கும். இன்னோர் உறவுக் கருவியான ஃப்ளூகல்ஹார்னுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட ஷாங்க் வகைகள் உள்ளன. வாங்கும் முன் உங்கள் கருவிக்கு எது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

புதிய மவுத்பீஸ் கருவியில் சிக்கிக்கொண்டது. என்ன செய்வது?

குறடால் திருக வேண்டாம். குழாயும் அதைத் தாங்கும் பற்றவைப்புகளும் முறிந்துவிடும். இதற்கென்றே மவுத்பீஸ் புல்லர் என்ற கருவி இருக்கிறது. பழுதுபார்ப்பவரிடமும் பல இசைப்பள்ளிகளிலும் அது இருக்கும், எடுக்க ஒரு நிமிடம் ஆகாது. இனிமேல் மவுத்பீஸைப் பொருத்தும்போது உள்ளங்கையால் தட்டாமல், மெல்ல வைத்துச் சிறிதளவு திருப்பினால் போதும்.